பதினாறாவது அறை

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது, அதுவும் எனக்கே நடந்தது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போன வீடு என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்த விஷயம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். அதில் யாராவது திருத்தம் செய்து அனுப்பினால் அது பேட்ச். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரிதான். அந்த ஒட்டைப் படித்துப் பார்த்து ‘ஒப்புதல்’ அல்லது ‘கூடாது’ என்று இரண்டில் ஒரு பொத்தானை அழுத்துவது என் வேலை. ஏழு மாதமாக அதைத்தான் செய்து வந்தேன். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஆபீஸில் என் முதுகுக்குப் பின்னால் ‘முள்ளு’ என்று கூப்பிடுவார்கள். தெரியும். அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

அன்று சனிக்கிழமை. ஆபீஸ் லீவு. பகல் 12.50-க்கு எங்கள் டீம் லீடு போன் செய்தார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தலைவலி.

“ஒரு பழைய பேட்ச் ரொம்ப நாளா தூங்கிட்டு இருக்குப்பா. பிரஸ் ஃபேக்டரிக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. நாலு மணிக்குள்ள பாத்து முடிச்சிடு.”

“முடிக்கலன்னா?”

“நீ ஒப்புதல் குடுத்தா சாயங்கால ஷிப்டுக்கு முன்னாடி மெஷின்ல ஏத்திடுவாங்க. குடுக்கலன்னா பழசே ஓடும். அவ்வளவுதான்.”

எந்த ஃபேக்டரி என்று கேட்டேன். சொன்னார். என் அக்காவின் கணவர் அங்கேதான் வேலை செய்கிறார்.

மாமா பிரஸ் மெஷின் ஓட்டுபவர். இரும்புத் தகட்டை உள்ளே வைப்பார். மேலிருந்து பெரிய இரும்புத் தாடை இறங்கி அதை ஒரே அடியில் வளைக்கும். மேலே ஒரு கேமரா இருக்கும். உள்ளே கை தெரிந்தால் தாடை பாதியிலேயே நின்றுவிட வேண்டும். அந்தக் கேமராவுக்குள் இருப்பது எங்கள் சிப்தான். அதாவது நான் பார்க்கப் போகும் பேட்சுக்கும் மாமாவின் கைக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. என்னுடைய முதல் இன்டர்வியூவுக்கு எனக்கு டை கட்டிவிட்ட கை அது. அதனால்தான் லீவு நாளென்றும் பார்க்காமல் கிளம்பினேன்.

1.20-க்கு ஆபீஸ் வாசல். செக்யூரிட்டி அக்கா கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“மேல யாரும் இல்ல சார். நீங்க மட்டுந்தான்.”

மூன்றாவது மாடிக்குப் போனேன். என் சீட். 1.34-க்குப் பேட்சைத் திறந்தேன்.

அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘47’ என்று ஒரு எண் மட்டும் இருந்தது. எங்கள் கம்பெனிக்கு வெளியிலிருந்து அனுப்புகிறவர்களுக்குப் பெயர் காட்டாது, எண்தான் காட்டும். தலைப்பில் ‘அள்ளும் முறையில் திருத்தம்’ என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சிப்புக்குள் வரிசையாகப் பதினாறு அறைகள் உண்டு. வெக்டர் ரிஜிஸ்டர் என்பார்கள். கேமரா படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தால் நேரமாகும் என்று, பதினாறு பதினாறாக அள்ளி அந்த அறைகளில் போடும். எங்கிருந்து அள்ளுவது, எத்தனை அறையை நிரப்புவது என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். நிரப்பாமல் விட்ட அறை காலியாக இருக்காது. அதில் முன்பு இருந்த பழைய புள்ளியே உட்கார்ந்திருக்கும். அதாவது அங்கே புதிதாக ஒரு கை வந்தால் சிப்புக்குத் தெரியாது.

திரையில் இரண்டு பத்திகள். இடது பக்கம் பழைய நிரல், வலது பக்கம் புதியது. மொத்தம் 312 வரி. பெரும்பாலும் பெயர் மாற்றம், வரியை மேலே கீழே நகர்த்தியது, இவ்வளவுதான். நிதானமாகப் படித்துக்கொண்டு போனேன்.

2.41-க்குத் தண்ணீர் தீர்ந்தது. மாடியில் இருந்த கேனும் காலி. பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். செக்யூரிட்டி அக்கா தன் மகளின் பரீட்சையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்து உட்காரும்போது மணி 2.52.

மவுஸ் இடது பக்கம் இருந்தது.

நான் வலது கைக்காரன். எழுந்து போகும் அவசரத்தில் நானே தள்ளியிருப்பேன் என்று நினைத்து, எடுத்து வலது பக்கம் வைத்துக்கொண்டேன். மேலும் படித்தேன்.

208-வது வரியில் கண் நின்றது.

இடது பக்கம் 16. வலது பக்கம் 15.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பதினாறு அறையில் பதினைந்தை மட்டும் நிரப்புகிறான். இதற்குப் பெயர் திருத்தமாம்! ஒவ்வொரு பதினாறாவது புள்ளியும் குருடு. எவனோ ஒரு அரைகுறை, லீவுக்குப் போகும் அவசரத்தில் தட்டிவிட்டு, என் மாமாவின் கையோடு விளையாடுகிறான்.

2.58. பேட்சின் கீழே எழுதினேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், இங்கே தமிழில் தருகிறேன்.

‘பதினாறாவது அறையை நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள். கவனிக்கவே இல்லையா?’

அனுப்பி மூன்று நொடிகூட ஆகவில்லை. பதில் வந்தது.

‘கவனித்தேன். உன்னைவிட நன்றாக.’

லீவு நாளில், அதுவும் இவ்வளவு திமிராக. சரிதான், மூஞ்சியைக் காட்டுகிறான் என்று நினைத்தேன். இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். தப்பைச் சொன்னால் பாய்வார்கள். நானும் விடவில்லை.

‘மரியாதையாக எழுதவும். வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கவும்.’

ஆமாம், அதையும் எழுதினேன். அவன் எழுதிய ஆங்கிலத்தில் ஒரு பெரிய எழுத்துகூட இல்லை. கேள்விக்குறி இல்லை. அடைப்புக்குறி இல்லை. நிரலில் சொற்களைச் சேர்க்கக் கீழ்க்கோடு போடுவோமே, அதுவும் இல்லை.

‘இதையேதான் அவனும் சொன்னான்.’

எவன்?

நான் கேட்கவில்லை. மணியைத்தான் பார்த்தேன். என் வரி போன நேரம் 3.07. அவன் பதில் வந்த நேரம்...

3.06.

சர்வர் கடிகாரம் பிசகியிருக்கும். மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். சண்டை போடுவதைவிடச் சோதனை ஓட்டிக் காட்டினால் வாயை மூடுவான் என்று தோன்றியது. வலது பக்க நிரலை வைத்து, ஒரு வெறும் வெள்ளைப் படத்தைக் கொடுத்து ஓட்டினேன். வெள்ளையில் வேறென்ன தெரியும்? எல்லாப் புள்ளியும் வெள்ளையாக வர வேண்டும்.

3.15. முடிவு வந்தது. படத்தின் ஓரத்தில் கறுப்பாக ஐந்து கோடுகள்.

ஒன்று மட்டும் குட்டை. தடிப்பு.

மறுபடி ஓட்டினேன். அதே நிரல், அதே வெள்ளைப் படம்.

3.22. இப்போது ஒரே ஒரு கோடு. அந்தக் குட்டைக் கோடு மட்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்...

டக்... டக்...

டக்...

பக்கத்து சீட்டில் யாரோ கீபோர்டைத் தட்டினார்கள். நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு தடுப்பு உண்டு. தட்டச்சு பழகியவர்கள் தட்டும் சத்தம் மழை மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு எழுத்து, ஒரு இடைவெளி. இன்னொரு எழுத்து.

எழுந்து எட்டிப் பார்த்தேன்.

காலி நாற்காலி. அணைந்த திரை. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த சீட்டில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. கீபோர்டில் தூசி கனமாகப் படிந்திருந்தது.

வலது பாதியில் மட்டும்.

இடது பாதி துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

போன் அடித்தது. துள்ளி விழுந்தேன். தலைவலி.

“என்னப்பா ஆச்சு? மணி மூணு முப்பத்தொண்ணு.”

“சார், இது ஆளைக் கொல்ற பேட்ச் சார். பதினாறை பதினைஞ்சா மாத்தி வச்சிருக்கான்.”

“அப்படியா? நல்லா பாத்தியா?”

“ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்.”

“சரி, அப்ப கூடாதுன்னு போட்டுடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் தைரியம் கொடுத்தது. யாரோ ஆபீஸ் ஆளே விளையாடுகிறான் என்று முடிவு கட்டினேன். பயத்தைவிடக் கோபம் மேலே வந்தது. 3.36-க்கு எழுதினேன்.

‘நீ தலைகீழாக நின்றாலும் என்னிடம் ஒப்புதல் வாங்க முடியாது.’

டக்... டக்... டக்... டக்...

தடுப்புக்கு அந்தப் பக்கம். நான் திரும்பவில்லை.

‘தலைகீழாக நிற்பது நீ.’

‘யார் நீ? எங்கிருந்து எழுதுகிறாய்?’

‘பக்கத்தில்.’

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஓடினால் பேட்ச் முடிவில்லாமல் கிடக்கும், நாலு மணிக்குத் தலைவலி வேறு யாரையாவது பிடித்து ஒப்புதல் வாங்கிவிடுவார், மாமா மெஷினுக்கு முன்னால் போய் நிற்பார். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

3.49. திரையில் இன்னொரு வரி.

‘உன் மாமாவுக்கு இடது கையால் எழுத வருமா.’

கேள்விக்குறி இல்லை.

மாமாவைப் பற்றி நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

யாரிடமும்.

ஏசி ஓடுகிறது. எனக்கு வியர்க்கிறது.

அப்போது விளங்கியது. பெரிய எழுத்து, கேள்விக்குறி, அடைப்புக்குறி, கீழ்க்கோடு... எல்லாவற்றுக்கும் இன்னொரு கையால் ஷிஃப்ட் விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இவனுக்குப் பிடிக்கக் கை இல்லை.

டக்... டக்...

நெருக்கமாக.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இல்லை.

என் மேஜையில்.

என் கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு விசை... தானாக... இறங்கியது.

3.58.

‘கூடாது’ பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் நின்றது.

ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு கடைசியாக ஒரு வரி வந்தது.

‘நன்றி.’

பையை விட்டேன். பாட்டிலை விட்டேன். மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செக்யூரிட்டி அக்கா என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. ரோட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டேன். 4.06-க்கு மாமாவுக்கு போன் போட்டேன்.

“மாமா, இன்னிக்கு லீவு போடுங்க.”

“என்ன மாப்ள, திடீர்னு?”

“மனசு சரியில்ல மாமா. உங்க மெஷினுக்கு ஒரு தப்பான பேட்ச் வர இருந்துச்சு.”

“வந்துடுச்சா?”

“இல்ல. நான் தடுத்துட்டேன். பழசேதான் ஓடும்.”

சிரித்தார். “அப்புறம் என்ன? பழசுதான் ஒரு வருஷமா ஓடுதே. நீ வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடு. பேய் அறைஞ்சவன் மாதிரி பேசற.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நான்தான் தடுத்துவிட்டேனே. வீட்டுக்குப் போனேன்.

6.35-க்கு அக்கா போன் செய்தாள். முதலில் அழுகை மட்டும் கேட்டது. பிறகு ஆஸ்பத்திரி பெயர். 6.12-க்கு நடந்திருக்கிறது. வலது கை. மாமா தகட்டின் ஓரத்தைச் சரிசெய்ய உள்ளே கையை விட்டிருக்கிறார். மெஷின் நிற்கவில்லை. கட்டைவிரல் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

திங்கட்கிழமை காலை தலைவலி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேட்சைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“208-வது வரியைப் படி.”

இடது பக்கம் 15. வலது பக்கம் 16.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. எங்கள் கருவியில் எது இடம், எது வலம் என்று நாமே மாற்றி வைத்துக்கொள்ளலாம். அன்று என் திரையில் புதியது இடது பக்கமும் பழையது வலது பக்கமும் இருந்திருக்கிறது. தப்பு பேட்சில் இல்லை. பழைய நிரலில் இருந்தது. பேட்ச் அதைச் சரி செய்ய வந்தது. நான் ஓட்டிப் பார்த்ததும் பழையதைத்தான். அதைத்தான் ‘பழசே ஓடும்’ என்று மாமாவுக்கு நானே உறுதி சொல்லி அனுப்பி வைத்தேன்.

இந்த வேலையில் இருப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. சேர்ந்த புதிதில் ஒரு தடவை செய்துவிட்டு, வாழ்நாள் முழுக்க மேலே எழுதியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்போம். நான் 1.34-க்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சரியாக இருந்தது.

பதிவேட்டை எடுத்துக் காட்டினார் தலைவலி. என் கணினியிலிருந்துதான் பக்கம் மாற்றப்பட்டிருந்தது. நேரம் 2.47. நான் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம்.

“அது இருக்கட்டும்,” என்றார். “யாருக்குப்பா பதில் எழுதிட்டு இருந்த?”

“47-க்கு சார்.”

பக்கத்தைக் கீழே உருட்டினார். சனிக்கிழமை தேதியில் என் வரிகள் மட்டும் இருந்தன. ‘மரியாதையாக எழுதவும்.’ ‘நீ தலைகீழாக நின்றாலும்.’ ‘யார் நீ?’ ஒன்றன்கீழ் ஒன்றாக, பைத்தியக்காரன் சுவரோடு சண்டை போட்ட மாதிரி. நடுவில் ஒரு பதில்கூட இல்லை.

பிறகு தலைவலி விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னார். 47 அந்த ஃபேக்டரியில் கேமரா மாட்டிய டெக்னீஷியன். குருட்டுப் புள்ளியை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். பேட்ச் எழுதி அனுப்பினார். எனக்கு முன்பு ரிவ்யூ பார்த்தவர், அதாவது அந்தக் காலி சீட்டுக்காரர், ஒன்பது தடவை திருப்பி அனுப்பினார். இடைவெளி சரியில்லை. பெயர் நீளமாக இருக்கிறது. விளக்கம் போதாது. கடைசியில் டெக்னீஷியன் தன் மேலதிகாரிகளை மெஷின் முன்னால் நிற்க வைத்து, ‘இது நிக்காது, பாருங்க’ என்று சொல்லி வலது கையை உள்ளே நீட்டிக் காட்டினார்.

நிற்கவில்லை.

அவருடைய கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடினார்கள். அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, இடது கையால், பத்தாவது தடவை பேட்சை அனுப்பினார். ‘வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கவும்’ என்று பதில் போனது. மறுநாள் இறந்துவிட்டார். பத்து மாதம் ஆகிறது.

அன்றே தலைவலி தன் கையால் ஒப்புதல் கொடுத்தார். மெஷின்கள் எல்லாம் சரியாகிவிட்டன. மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காதான் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு முன்பு இருந்தவர் ஏன் வேலையை விட்டார்? யாருக்கும் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை போனவர் திரும்பி வரவே இல்லை என்று மட்டும் சொன்னார்கள். விலாசம் வாங்கிக்கொண்டு போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் 5.20. மணியை அடித்தேன்.

கதவைச் சங்கிலியோடு திறந்தார். நாற்பது வயதிருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தது. கம்பெனி பெயரை மட்டும்தான் சொன்னேன், பேட்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்க வீட்ல யாருக்கு?” என்றார்.

“மாமாவுக்கு. அக்கா வீட்டுக்காரர்.”

“வலது கையா?”

“ஆமா. பிரஸ் மெஷின்ல.”

அவர் மெல்லத் தலையாட்டினார். உள்ளே ஆறு வயதிருக்கும் அவருடைய பெண் குழந்தை தரையில் உட்கார்ந்து, இடது கையால் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது.

“உங்களுக்காவது மெஷின்னு ஒரு காரணம் இருக்கு தம்பி,” என்றார். “இவ மத்தியானம் என் பக்கத்துல தூங்கிட்டுதான் இருந்தா.”